நிறுத்து வாங்குகிற கடதாசி

யாழ்ப்பாணத்தில் காங்கேசன்துறை வீதியில், கொக்குவில் பக்கம் ஒரு சின்ன அச்சகம். பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் நாளைக்கே எங்கள் வகுப்பு முழுக்கப் போய் நிற்கும், எனக்குத் துண்டு மிஞ்சாது. கல்யாணக் கார்ட், கலண்டர், கோயில் நோட்டீஸ், அந்தியேட்டிக் கல்வெட்டு (இறந்தவர் நினைவாக அடிக்கிற சிறு புத்தகம்) எல்லாம் அடிக்கிறார்கள். அடித்து முடித்து ஓரம் வெட்டும்போது விழுகிற துண்டுகளை உரப்பையில் சேர்த்து வைத்து நிறுத்து விற்கிறார்கள். கிலோ 200 ரூபாய். மூன்று மாதமாக வாங்குகிறேன்.

நான் மருதனார்மடத்தில் சித்திரமும் வடிவமைப்பும் படிக்கிறேன், இரண்டாம் வருடம். என் வியாதி அழிறப்பர். ஒரு கண்ணை வரைந்தால் மற்றக் கண்ணை அடிமட்டம் வைத்து அளப்பேன். அம்மம்மாவின் கையை வரைய வெளிக்கிட்டு, சுண்டுவிரல் சரிவரவில்லை என்று அழித்து அழித்துத் தாள் பொத்தலாகிவிட்டது. யாழ்ப்பாணத்து ஓவியர் மாற்கு ஒரு பாணியில் நிற்காமல் எத்தனை விதமாக வரைந்து பார்த்தவர் என்று விரிவுரையில் கேட்டால் நன்றாகத் தலையாட்டுவேன். குறிப்பும் எடுப்பேன், அதையும் எழுத்துப் பிசகாமல்.

கனடாவிலிருந்து சித்தி கொண்டுவந்த நீர்வர்ணத் தாள் கட்டு ஒன்று இருக்கிறது. சதுர மீற்றருக்கு 300 கிராம், பன்னிரண்டு தாள். மேல் பொலித்தீனைக்கூட உரிக்காமல் இரண்டு வருடம் அலுமாரியில், சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன்.

எங்கள் வீட்டில் தாளை வீணாக்குவது சோற்றைக் கொட்டுவது மாதிரி. காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்ற வேண்டும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது பத்திரிகையே கோடு போட்ட கொப்பித் தாளில் வந்த கதையை அம்மா இன்னும் சொல்லுவா. 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையைத் தள்ளி வைத்தபோது, “பார், நான் சொன்னனான்தானே” என்று எனக்குத்தான் பேச்சு விழுந்தது. அப்படி வளர்ந்தவளுக்குப் பிழையான ஒரு கோடு போடவே கை கூசும்.

முதல் நாள் கட்டிங் மிசினில் நின்ற அண்ணை என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

“தங்கச்சி, இது கச்சான் சுருள் சுத்தத்தான் வாங்குறவை. இல்லாட்டி அடுப்பு மூட்ட. உமக்கு என்னத்துக்கு?”

“படம் கீற, அண்ணை.”

“இதிலயோ?” என்று சிரித்துவிட்டு, தராசில் மேலும் ஒரு பிடி அள்ளிப் போட்டார். அந்த ஒரு பிடிக்காகவே சேவைக்கு முழுப் புள்ளி கொடுக்கலாம்.

உள்ளே என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது. நாலு விரல் அகலத்தில் இரண்டடி நீள வெள்ளைத் துண்டுகள், கார்ட் மட்டையின் தங்கக் கரை, யாரோ ஒருவரின் “தோற்றம்” மட்டும் இருந்து “மறைவு” வெட்டுப்பட்ட ஓரம். இரண்டு துண்டு ஒரே அளவில் வராது. எண்ணிப் பார்க்கவும் முடியாது. ஒன்று பழுதானால் எத்தனை ரூபாய் போனது என்று கணக்குப் பார்க்க முயன்றேன். சதக் கணக்கில் வந்ததால் விட்டுவிட்டேன்.

எனக்கு மிகவும் பிடித்தது கலண்டர் அடிக்கிற மினுங்கல் தாள். அதன் மேல் களிமண் பூச்சு இருப்பதால் மை உடனே ஊறாது. ஒரு துளி கறுப்பு மையை விட்டேன். முத்தாகத் திரண்டு அப்படியே நின்றது. சரித்தால் ஓடியது. பயத்தில் இன்னொரு துண்டை எடுத்து அதன் மேல் வைத்து ஒற்றினேன். மெதுவாகப் பிரித்தபோது மை இரண்டு பக்கமும் இழுபட்டு, நடுவில் ஒரு தண்டும் அதிலிருந்து கிளையும் அந்தக் கிளையிலிருந்து இன்னும் சிறு கிளையுமாக முருங்கை இலை மாதிரிப் பிரிந்து கிடந்தது. நான் ஒரு கோடும் போடவில்லை. அழிக்கவும் அங்கே ஒன்றும் இல்லை. அன்றிரவு பதினொரு மணிவரை ஒற்றிக்கொண்டே இருந்தேன். அம்மா வந்து லைற்றை நிறுத்தினா.

வியாதி லேசில் போகாது. அடுத்த கிழமை அதே முருங்கை இலையை அச்சொட்டாகத் திரும்ப எடுக்க வேண்டும் என்று பத்தொன்பது துண்டை வீணாக்கினேன். “வீணாக்கினேன்” என்றுதான் இப்போதும் எழுத வருகிறது, பாருங்கள்.

நீளத் துண்டுகளை மருதனார்மடச் சந்தைக்குக் கொண்டுபோவேன். நாலு விரல் அகலத்தில் ஒரு முழு ஆள் அடங்காது. தலை வெட்டுப்பட்டால் வெட்டுப்பட்டதுதான்; பீற்றூட் குவியல், தராசு, கை, அடுத்த ஆளின் சீலைக்கரை என்று பக்கவாட்டில் போய்க்கொண்டே இருக்கலாம். பென்சில் கொண்டுபோவதில்லை, பேனை மட்டும். வெங்காயம் விற்கிற ஆச்சி ஒருநாள் எட்டிப் பார்த்து, “என்ர மூக்கு எங்க பிள்ளை?” என்று கேட்டா. அடுத்த துண்டில் மூக்கை மட்டும் வரைந்து கொடுத்தேன். கடைப்பெட்டிக்குள் வைத்திருக்கிறா.

குறைகளையும் சொல்ல வேண்டும். சாதாரண வெள்ளைத் தாளில் தண்ணீர் பட்டால் அப்பளம் மாதிரி நெளியும். நீர்வர்ணக்காரர் ஆசைப்பட வேண்டாம். பத்திரிகைத் தாள் மாதிரி மங்கின துண்டுகள் கொஞ்ச நாள் வெளிச்சத்தில் கிடந்தாலே மஞ்சளாகும். மட்டை விளிம்பு விரலை வெட்டும். ஒருமுறை பையின் அடியில் பாதி தூசுதான் இருந்தது, அதையும் சேர்த்தே நிறுத்தார்கள். கேட்டால் சிரிக்கிறார்கள். அதனால் ஐந்துக்கு நாலு.

சித்தியின் கட்டு என்னாயிற்று என்று கேட்பீர்கள். பொலித்தீனை உரித்துவிட்டேன். இதுவரை இரண்டு தாள் முடிந்தது. ஒன்று படுமோசம், மற்றது பரவாயில்லை.

போகிறவர்கள் சனிக்கிழமை மத்தியானத்துக்கு முன் போங்கள், பின்னேரம் கச்சான்காரர் அள்ளிவிடுவார்கள். பை கொண்டுபோங்கள். மஞ்சள் மட்டைத் துண்டு இருந்தால் எனக்குக் கொஞ்சம் விட்டு வையுங்கள்.