லோகோ படியாத டிவி எது? பிளாஸ்மா, ஓஎல்இடி, எல்இடி: குமரி மாவட்டத்துக்கு ஒரு ஒப்பீடு

மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல் பக்கம் இன்றும் சில வீட்டு முன்னறைகளில் ஐம்பது இன்ச் பிளாஸ்மா டிவி ஒன்று சுவரை அடைத்துக்கொண்டு இருக்கும். வளைகுடாவில் வேலை பார்த்த மகனோ மருமகனோ பதினைந்து வருஷத்துக்கு முன்னால் கொண்டுவந்தது. படம் இன்னமும் அருமையாக இருக்கும். ஆனால் மூலையில் ஏதோ ஒரு சேனலின் லோகோ மங்கலாகத் தெரியும். “இதைத் தூக்கிப் போட்டுட்டு எதை வாங்க?” என்று கேட்டால் கடையில் ஓஎல்இடி என்பார்கள், மெக்கானிக் எல்இடி என்பார், கல்லூரிக்குப் போகும் பையன் யூடியூபில் பார்த்ததைச் சொல்லுவான்.

மூன்றும் கெடும். கெடுகிற விதம்தான் வேறு. பிளாஸ்மா அடிக்கடி பயமுறுத்தும், ஆனால் பெரும்பாலும் சும்மா. ஓஎல்இடி வருஷக்கணக்கில் ஒன்றுமே காட்டாது. காட்டிய பிறகு போகாது. எல்இடி என்று நாம் சொல்லும் எல்சிடி டிவியில் லோகோ பதிவது பெரிய பிரச்சினையே இல்லை, அது சாவது வேறு நோயில். எனவே எந்தத் தொழில்நுட்பம் உசத்தி என்பதைவிட, உங்கள் வீட்டில் என்ன ஓடுகிறது, யார் எப்படி அணைக்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

பிளாஸ்மாவில் இருந்து தொடங்குவோம். இதில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று குட்டி அறைகள். உள்ளே நியான், செனான் வாயு. மின்சாரம் பாய்ந்ததும் வாயு புற ஊதாக் கதிரை விடும், அது சுவரில் பூசிய பாஸ்பர் என்ற ஒளிரும் பொடியில் பட்டு வெளிச்சமாகும். ஒரே இடத்தில் வெள்ளை லோகோ ரொம்ப நேரம் நின்றால் அந்த அறைகளின் மின்னேற்ற நிலை கொஞ்சம் மாறிவிடும். சேனலை மாற்றிய பிறகும் அந்த இடம் பக்கத்து அறைகளிலிருந்து கொஞ்சம் வித்தியாசமாக எரியும். அதுதான் இமேஜ் ரிட்டென்ஷன், வெறும் நிழல். கோரைப்பாயில் படுத்து எழுந்தவன் முதுகில் இருக்கும் தடம் மாதிரி, சில நிமிஷத்திலோ சில மணி நேரத்திலோ தானாகப் போய்விடும். பர்ன்-இன் என்பது வேறு. பாஸ்பரே தேய்ந்துபோவது அது. தேய்ந்த பாஸ்பர் திரும்ப முளைக்காது.

இதில் முதலில் தளர்வது நீல பாஸ்பர்.

பிளாஸ்மா திரை 1964-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கணினி வழியாகப் பாடம் நடத்தும் திட்டத்துக்காக உருவானது. அந்தக் காலத்தில் கணினி நினைவகம் யானை விலை. ஒரு தடவை எரியவைத்த புள்ளி தன் சுவரிலேயே மின்னேற்றத்தை வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்பச் சொல்லாமலே எரிந்துகொண்டிருக்கும் என்பதுதான் அதன் சிறப்பாக இருந்தது. மறக்காமல் இருப்பதற்காகவே பிறந்த திரையிடம் போய் ‘ஏன் மறக்கவில்லை’ என்று சண்டை போடுகிறோம்.

புது பிளாஸ்மாவுக்கு முதல் நூறு, இருநூறு மணி நேரம்தான் கண்டம். பாஸ்பர் புதிதாக இருக்கும்போது வேகமாகத் தேயும், பிறகு நிதானப்படும். கடைசிக் காலத்து மாடல்களில் வெளிச்சம் பாதியாகக் குறைய ஒரு லட்சம் மணி நேரம் ஆகும் என்று பானசோனிக் சொன்னது. தினம் ஆறு மணி நேரம் என்றால் நாற்பத்தைந்து வருஷக் கணக்கு வரும். இந்த எண்ணைப் பார்த்து ஏமாறக்கூடாது. திரை முழுக்க ஒரே சீராகத் தேய்ந்தால் யாருக்கும் தெரியாது. ஒரு மூலை மட்டும் சில சதவீதம் கூடத் தேய்ந்தாலே கண்ணுக்குத் தட்டுப்படும். பர்ன்-இன் விஷயத்தில் பார்க்க வேண்டியது அந்த வித்தியாசத்தை, மொத்த ஆயுளை அல்ல.

இதற்கு நல்ல உதாரணம் அகலத்திரை வராத கேபிள் காலம். சேனல்கள் பழைய சதுரவாட்டப் படத்தில் வந்துகொண்டிருந்தன. படத்தை அப்படியே வைத்து இரண்டு ஓரத்திலும் கறுப்புப் பட்டையோடு பார்த்தவர்கள் வீட்டுத் திரையில் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து, பின்னால் அகலத்திரைப் படம் போட்டபோது ஓரம் இரண்டும் பளிச்சென்று தனியாகத் தெரிந்தது. படத்தை இழுத்துவிட்டு, கதாநாயகி முகம் பலாப்பழ அகலத்துக்கு விரிந்தாலும் பரவாயில்லை என்று பார்த்தவர்கள் திரை பிழைத்துக்கொண்டது.

பிளாஸ்மா மெனுவில் வெள்ளைத் திரை, ஓடும் பட்டை, படத்தை ஓரிரு புள்ளி நகர்த்திக்கொண்டே இருக்கும் ஆர்பிட்டர் என்று வைத்தியங்கள் உண்டு. நிழலுக்கு இவை பலிக்கும். திரை நிறைய அசையும் படம் ஒன்றை இரண்டு மூன்று மணி நேரம் ஓடவிட்டாலும் அதே பலன். தேய்ந்த தழும்புக்கு இதெல்லாம் மருந்தல்ல; வெள்ளைத் திரையை ராத்திரி முழுக்கப் போட்டால் மிச்சம் இருக்கும் பாஸ்பரும் தேயும், அவ்வளவுதான்.

ஏற்கெனவே வீட்டில் ஓடும் பிளாஸ்மாவை நிழலுக்குப் பயந்து தூக்கிப் போட வேண்டாம். ஆனால் பழைய பிளாஸ்மாவை மலிவாகக் கிடைக்கிறதே என்று காசு கொடுத்து வாங்காதீர்கள். பர்ன்-இன் அதற்குக் காரணமில்லை. பானசோனிக் 2013 டிசம்பரோடு பேனல் உற்பத்தியை நிறுத்தியது, சாம்சங்கும் எல்ஜியும் 2014-இல் கைவிட்டன. பேனலை ஓட்டும் சஸ்டெயின் போர்டு என்ற மின்சுற்றுப் பலகை போனால் இன்னொரு செத்த டிவியில் இருந்து கழற்றித்தான் போட வேண்டும். கரண்டுக் கணக்கும் இடிக்கும். ஐம்பது இன்ச் பிளாஸ்மா சராசரியாக 250 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். தினம் ஆறு மணி நேரம், இரண்டு மாதம்: 90 யூனிட். இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் என்று வைத்தால், அதில் பெரும்பகுதியை டிவி ஒன்றே முழுங்கிவிடும். 100 வாட் இழுக்கும் 55 இன்ச் எல்இடிக்கு அதே கணக்கு 36 யூனிட்.

அடுத்தது ஓஎல்இடி. படத்தைப் பொறுத்தவரை பிளாஸ்மாவுக்கு நேர் வாரிசு இதுதான். கறுப்பு என்றால் கறுப்பு, ஏனென்றால் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து தானே அணையும். 2013-இல் எல்ஜி 55 இன்ச் டிவியாக இதைக் கடைக்குக் கொண்டுவந்தது. எரிவது கரிமப் பொருள். எரிய எரியத் தேயும். பிளாஸ்மா மாதிரி அரை மணி நேரத்தில் நிழல் காட்டிப் பயமுறுத்தாது. தேய்மானம் உள்ளே கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும், ஒருநாள் சிவப்புச் சேலையோ பச்சை மைதானமோ திரை நிறைய வரும்போது லோகோ எட்டிப் பார்க்கும்.

கனடாவில் இருந்து டிவி சோதனை செய்யும் ஆர்டிங்ஸ் குழு 2018-இல் ஆறு எல்ஜி சி7 டிவிகளை வாங்கி, தினம் இருபது மணி நேரம் வேறு வேறு நிகழ்ச்சிகளை ஓடவிட்டது. முதலிலும் மோசமாகவும் அடிவாங்கியது சிஎன்என் செய்திச் சேனல் ஓடியவை, அதிலும் வெளிச்சத்தை முழுக்க ஏற்றிவைத்தது. விளையாட்டுப் போட்டி ஒளிபரப்பும் ஃபிஃபா வீடியோ கேமும் ஓடியவற்றில் ஒரே நிறப் பரப்பில் கறை தெரிய ஆரம்பித்தது. லோகோ, ஸ்கோர் என்று நிலையாக நிற்பது குறைவாக இருந்த துப்பாக்கிச் சண்டை வீடியோ கேம் ஓடிய டிவி அதிகம் கெடவில்லை. சி7 2017 மாடல்; 2018 மாடல்களில் எல்ஜி ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் இருக்கும் சிவப்புத் துணைப்புள்ளியைப் பெரிதாக்கியது. பிந்தைய மாடல்கள் நிச்சயமாகத் தேவலாம். குணம் மாறவில்லை.

இப்போது நம்ம வீட்டு நிலவரத்துக்கு வாருங்கள். தமிழ்ச் செய்திச் சேனலின் திரையை ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். மேலே லோகோ, கீழே சிவப்புப் பட்டை, அதன்கீழே ஓடும் எழுத்து, ஓரத்தில் நேரம். உள்ளூர் கேபிள் சேனல் என்றால் படத்தைச் சுருக்கி, இரண்டு பக்கமும் நகைக்கடை, ஜவுளிக்கடை விளம்பரத்தை ஆணி அடித்து வைத்திருப்பார்கள். தேர்தல் முடிவு நாளில் காலை எட்டு மணிக்குப் போட்ட எண் பட்டை ராத்திரி வரை அசையாது. கேட்க ஆள் இருக்கோ இல்லையோ, காலையில் இருந்து செய்தி ஓடிக்கொண்டே இருக்கும் வீட்டில் ஓஎல்இடி வாங்குவது வீண் செலவு, அதுவும் ஒரே அளவு சாதாரண எல்இடியைவிட இரண்டு மூன்று மடங்கு கொடுத்து.

இன்னொன்று கடையில் யாரும் சொல்லாதது: சுவரில் இருக்கும் சுவிட்ச். எல்ஜி ஓஎல்இடியில் மொத்தம் நான்கு மணி நேரத்துக்கு மேல் பார்த்த பிறகு ரிமோட்டில் அணைத்தால், டிவி தூங்குவது மாதிரி இருந்துகொண்டு புள்ளிகளின் தேய்மானத்தை அளந்து தன்னைத்தானே சரிக்கட்டும். சில நிமிஷ வேலை. முடியும்போது உள்ளே ரிலே ‘டிக்’ என்று விழும் சத்தம், அறை அமைதியாக இருந்தால் கேட்கும். இதற்கு மின்சாரம் வேண்டும். நம்ம வீடுகளில் ரிமோட்டில் அணைத்த அடுத்த நொடி சுவிட்ச்சையும் தட்டிவிட்டுத்தான் படுக்கப் போவோம். வடசேரியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒரு வீட்டில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். “மைனி, ரிமோட்ல ஆஃப் பண்ணினா போதும், சுவிட்ச்ச தொடாதீங்க.” “அப்போ இடி வெட்டினா என்ன செய்ய?” மைனி கேட்டதில் தப்பே இல்லை. இரண்டு பருவமழையும் வாங்கும் மாவட்டம் இது. ஐப்பசி இடிக்குப் பிளக்கைப் பிடுங்காத டிவி பிழைப்பது தெய்வாதீனம். நடுவழி ஒன்று உண்டு: ரிமோட்டில் அணைத்து, பல் தேய்த்து, கதவைப் பூட்டி, பத்து நிமிஷம் கழித்துச் சுவிட்ச்சைத் தட்டுங்கள். வானம் உறுமினால் அன்றைக்கு மட்டும் உடனே பிடுங்குங்கள். தினமும் உடனடியாகச் சுவிட்ச் தட்டும் வீடு என்றால், அந்த டிவிக்கு வைத்தியமே கிடைக்காமல் போகும்.

2022-இல் வந்த கியூடி-ஓஎல்இடி என்ற புது வகையிலும் எரிவது கரிமப் பொருள்தான், அதே எச்சரிக்கை அதற்கும்.

எல்இடி டிவிக்கு வருவோம். இதில் படத்தைக் காட்டும் திரவப் படிகம் எரிவதில்லை, பின்னால் இருந்து வரும் வெளிச்சத்தைத் திறந்து மூடும் கதவு வேலை மட்டும் பார்க்கிறது. ஆகவே லோகோ தேய்ந்து பதியாது. ஐபிஎஸ் என்ற வகை எல்சிடி பேனல்களில் சிலசமயம் நிழல் விழும். திரவத்தில் உள்ள அயனிகள் ஒரு பக்கமாக ஒதுங்குவதால் வருவது; அணைத்து வைத்தால் கலைந்துவிடும்.

எல்இடி செத்துப்போவது பின்வெளிச்சத்தில். சத்தம் வரும், படம் வராது. அப்போது அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சைத் திரையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். அந்த வெளிச்ச வட்டத்துக்குள் மட்டும் ஆள் வாயசைப்பது லேசாகத் தெரிந்தால் பேனல் நன்றாக இருக்கிறது, பின்னால் எரியும் பல்பு வரிசையான ஸ்ட்ரிப்பை மாற்றினால் போதும். ஸ்ட்ரிப் மேல் ஒட்டிய குட்டி லென்ஸ் பசை விட்டு விழுந்தால் திரையில் பாக்கு அளவு வெள்ளைப் பொட்டு தோன்றும். பார்க்கத்தான் பயங்கரம், வேலை சின்னது. ஓஎல்இடியில் லோகோ பதிந்தால் முழுப் பேனலையும் மாற்ற வேண்டும், அது புது டிவி வாங்குவதற்குச் சமம்; எல்இடி ஸ்ட்ரிப் என்றால் நாகர்கோவிலிலேயே ஒரு நாளில் முடித்துத் தருவார்கள். ஒல்லியாக இருக்கிறது என்று ஓரத்தில் மட்டும் பல்பு வைத்த மாடலை வாங்காதீர்கள். அதே ஆர்டிங்ஸ் பின்னாளில் நூறு டிவிகளை ஓடவிட்டுப் பார்த்த சோதனையில் ஓரவிளக்கு டிவிகள்தான் சூட்டில் அதிகம் கெட்டன. பின்னால் முழுக்க விளக்கு உள்ளதாக வாங்கி, பேக்லைட்டை நூறில் இருந்து அறுபதுக்கு இறக்கி வையுங்கள். நம்ம வீட்டு அறைக்கு அது போதும். கடலோர வீடு என்றால் உப்புக்காற்று நேராக அடிக்கும் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டாதீர்கள், மூன்று வகைக்குமே போர்டு அரிக்கும்.

எல்இடியில் கறுப்பு மட்டும் கறுப்பாக இராது, சாம்பல் பூத்திருக்கும். பின்வெளிச்சத்துக்குக் குட்டிக் குட்டி எல்இடிகளை நிறைய அடுக்கிய மினி எல்இடி அந்தக் குறையைப் பெருமளவு தீர்க்கிறது, விலை நடுவில் நிற்கிறது.

என்னைக் கேட்டால், பகல் முழுக்கச் செய்தியும் சீரியலும் ஓடும் வீட்டுக்கு முழுவிளக்கு எல்இடி, வேறு யோசனையே வேண்டாம். ராத்திரி படம் மட்டும் பார்ப்பவர், சுவிட்ச் விஷயத்தில் வீட்டாரைச் சம்மதிக்க வைக்க முடிந்தவர், தாராளமாக ஓஎல்இடி எடுக்கலாம். தூத்தூர், சின்னத்துறை மாதிரி கால்பந்து வெறி பிடித்த கடற்கரை ஊர்களில் கிளப்புக்குப் பெரிய டிவி வாங்குபவர்களுக்குத்தான் குழப்பம். பந்து ஓடும் வேகத்துக்குப் பிளாஸ்மாவும் ஓஎல்இடியும் தனி அழகு. உலகக்கோப்பை மாசம் மட்டும் ஓடினால் ஓஎல்இடி தாங்கும். வருஷம் முழுக்க ஒரே ஸ்போர்ட்ஸ் சேனல் என்றால், ஸ்கோர் பலகை பச்சைப் புல்லின் மேல் நிரந்தரமாக உட்கார்ந்துவிடும். மினி எல்இடிக்குப் போய்விடுங்கள்.

கடையில் மாட்டியிருந்த ஓஎல்இடியைத் தள்ளுபடியில் தருகிறேன் என்றால் கவனம். காலை முதல் ராத்திரி வரை முழு வெளிச்சத்தில், ஒரே விளம்பரப் படத்தை ஓட்டிய டிவி அது. ஒரு பென்டிரைவில் முழுச் சாம்பல், முழுச் சிவப்பு, முழுப் பச்சை என்று மூன்று படங்களைப் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கடை விளக்கின் பிரதிபலிப்பு விழாத கோணத்தில் நின்று, நான்கு மூலைகளையும் கீழ்ப்பட்டையையும் பாருங்கள். நிழல் தெரிந்தால் அரை மணி நேரம் ஏதாவது படம் ஓடவிட்டு, திரும்பச் சிவப்பைப் போடச் சொல்லுங்கள். அப்போதும் அதே இடத்தில் இருந்தால் விட்டுவிட்டு வாருங்கள். பர்ன்-இன்னைப் பெரும்பாலான கம்பெனிகள் வாரண்டியில் சேர்ப்பதில்லை, பில் போட்ட பிறகு பேசிப் பயனில்லை.