கிட்-அன்னெக்ஸ்: லேசில் அழிக்க விடாத மென்பொருள்

கோத்தகிரியில் போட்டோ ஸ்டுடியோ நடத்துகிறேன். கல்யாணம், காதுகுத்து, பேரகணி ஹெத்தையம்மன் பண்டிகை என்று எடுத்த படமும் வீடியோவும் டெராபைட் கணக்கில் கிடக்கின்றன. ஐப்பசி மழையில் லென்ஸிலேயே பூஞ்சை பிடிக்கிற ஊர் இது, டிஸ்க்கை மட்டும் நம்பிவிட முடியுமா? அதனால்தான் கிட்-அன்னெக்ஸுக்கு வந்தேன். ஜோயி ஹெஸ் 2010-இல் எழுதத் தொடங்கிய இலவச மென்பொருள். நான் பயன்படுத்துவது முழுக்கக் கட்டளை வரியில்.

கோப்புகளின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் கிட் என்ற மென்பொருளின் மேல் ஓடுவது இது. ஆனால் பெரிய கோப்பைக் கிட்டுக்குள் திணிப்பதில்லை. உள்ளடக்கம் ஹாஷ் பெயரில் (உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடும் ஒரு கைரேகை) தனியே, எழுத முடியாதபடி பூட்டி வைக்கப்படும். நம் ஃபோல்டரில் தெரிவது அதைச் சுட்டும் இணைப்பு மட்டும். 'வேர்ஈஸ்' என்று கேட்டால் எந்தப் படம் எந்த டிஸ்க்கில் என்று சொல்லிவிடும், அந்த டிஸ்க் குன்னூரில் தங்கச்சி வீட்டு பீரோவில் இருந்தாலும் சரி.

எனக்குப் பிடித்தது அதன் பிடிவாதம். குறைந்தது எத்தனை பிரதி இருக்க வேண்டும் என்று சொல்லும் அமைப்பை 'நம்காப்பீஸ் 2' என்று வைத்திருக்கிறேன். ஒரு படத்தை 'டிராப்' செய்யச் சொன்னால், அதாவது இந்த இடத்துப் பிரதியை நீக்கச் சொன்னால், வேறு இரண்டு இடங்களில் அது இருப்பதை நேரில் சரிபார்த்த பிறகுதான் விடும். டிஸ்க் செருகியில்லை என்றால் மறுத்துவிடும்.

கண் மூடிய படங்களைப் பிரித்து டேக் போட, தானே கட்டளைகளை ஓட்டும் ஒரு ஏஐ ஏஜென்ட் வைத்தபோதுதான் இந்தப் பிடிவாதத்தில் ஓட்டை தெரிந்தது. டிராப்பை மறுக்கும் செய்திக்குள்ளேயே 'இந்தச் சோதனையைத் தாண்ட ஃபோர்ஸ் போடலாம்' என்று எழுதியிருக்கிறது. மனுஷன் படித்தால் கொஞ்சம் யோசிப்பான். ஏஜென்ட்டுக்கு அதுவே அடுத்த கட்டளை. ஏஜென்ட் படிக்கும் குறிப்புக் கோப்பில் 'ஃபோர்ஸ் போடாதே' என்று எழுதி வைப்பதெல்லாம் கெஞ்சல்தான், பூட்டு ஆகாது.

பூட்டு வேறு இடத்தில் இருக்கிறது. ஏஜென்ட்டுக்குப் பழைய லேப்டாப்பில் தனி குளோன், அதாவது களஞ்சியத்தின் (படங்களைப் பதிந்து வைக்கும் ஃபோல்டரின்) நகல். ஸ்டுடியோ கணினிக்குள் நெட்வொர்க் வழியாக வர ஏஜென்ட் பயன்படுத்தும் எஸ்எஸ்ஹெச் சாவிக்கு, எந்தச் சாவிக்கு என்ன அனுமதி என்று சொல்லும் ஆத்தரைஸ்டு கீஸ் கோப்பில், கிட்-அன்னெக்ஸின் துணை நிரலான கிட்-அன்னெக்ஸ்-ஷெல் மட்டும் ஓடும்படி ஒரு வரி. அந்த ஷெல்லைக் கட்டுப்படுத்த அதே வரியில் சூழல் மாறிகள் (நிரல் ஓடும்போது படிக்கும் அமைப்புகள்) கொடுக்கலாம். டைரக்டரி என்பது ஒரே களஞ்சியத்தோடு நிறுத்தும் (வருஷத்துக்கு ஒரு களஞ்சியமாகப் பிரித்து வைத்தது இங்கே உதவியது, பழைய கல்யாணப் படங்களை அது பார்க்கவே முடியாது). ரீட்ஒன்லி, அன்னெக்ஸ் மாற்றங்களைத் தடுக்கும். ஆனால் ரீட்ஒன்லி மட்டும் போட்டால், சாதாரண கிட் புஷ் (மாற்றங்களை அனுப்புவது) கிட்டின் சொந்த ஷெல்லான கிட்-ஷெல் வழியாக உள்ளே வந்துவிடும். லிமிடெட் என்ற மாறியையும் சேர்த்தால்தான் அந்தக் கதவும் சாத்தும். அப்போது ஃபெட்ச்சும் (ஏஜென்ட் மாற்றங்களை எடுத்துக்கொள்வதும்) நின்றுபோகும். பரவாயில்லை, புதுப் படங்களின் பட்டியலை நானே அதன் குளோனுக்கு அனுப்புகிறேன், டேக்குகளை நானே இழுத்துக்கொள்கிறேன்.

இழுக்கும்போது ஒன்று கவனியுங்கள். நம்காப்பீஸ் எண்ணும் டேக்குகளும் பதிவாவது கிட்டின் ஒரே கிளையில் (ஒரே வரலாற்றுத் தொடரில்). ஏஜென்ட் தன் குளோனில் 2-ஐ 1 ஆக்கியிருந்தால் டேக்கோடு அதுவும் கூடவே வந்துவிடும். எண் எதுவும் கொடுக்காமல் நம்காப்பீஸ் கட்டளையை ஓட்டினால் இப்போதைய மதிப்பைக் காட்டும், பார்த்துவிட்டு மேலே போங்கள்.

இவ்வளவும் விளக்கப் பக்கங்களில் இருக்கிறது, ஆனால் ஒரே இடத்தில் இல்லை. தேடித் தேடித்தான் கோக்க வேண்டும்.

அப்புறம், கடையில் வாங்கும் டிஸ்க் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மட்டில் வருகிறது. அதில் இணைப்புக் கோப்பு வேலை செய்யாது என்பதால் ஒவ்வொரு படமும் இரண்டு மடங்கு இடம் பிடிக்கும். லினக்ஸின் எக்ஸ்ட்4 ஃபார்மட்டுக்கு மாற்றினால் இடம் மிச்சம், ஆனால் அந்த டிஸ்க்கை வாடிக்கையாளரின் விண்டோஸ் லேப்டாப்பில் அப்படியே செருகிக் காட்ட முடியாது. அதற்கென்று எக்ஸ்ஃபேட்டில் ஒரு பென்டிரைவ் தனியாக வைத்திருக்கிறேன்.