கெட்டுப்போன அன்று எது கைகொடுக்கும்? லினக்ஸ் டெஸ்க்டாப்கள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

லினக்ஸில் எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸை மென்பொருள்களோடு சேர்த்துத் தரும் தொகுப்பு) நல்லது என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அப்டேட் முடித்து ரீஸ்டார்ட் செய்ததும் திரை கறுப்பாகவே நின்றால் என்ன செய்வீர்கள்? ஒழுங்காக ஓடுகிற நாளில் எல்லா டிஸ்ட்ரோவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதே கர்னல் (ஹார்டுவேரை இயக்கும் மையப் பகுதி), அதே ஃபயர்ஃபாக்ஸ், அதே லிப்ரே ஆஃபீஸ். கெட்டுப்போன நாளில்தான் ஒவ்வொன்றின் குணமும் வெளியே வரும்.

அதனால் டெபியன், லினக்ஸ் மின்ட், ஃபெடோரா, ஆர்ச், ஓப்பன்சூசே டம்பிள்வீட் ஆகிய ஐந்தையும் இரண்டே கேள்விகளோடு பார்க்கிறேன். வழக்கமாக அது எங்கே கெடும்? கெட்டால் பழைய நிலைக்கு எப்படித் திரும்புவது?

டெபியன்: சிக்கல் எல்லாம் முதல் நாளில்

1993இல் தொடங்கிய டெபியனில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஸ்டேபிள் (நிலையான) வெளியீடு வரும். வந்த பிறகு பேக்கேஜ்களின் (நிறுவத் தயாரான மென்பொருள் பொதிகளின்) பதிப்பு அப்படியே நின்றுவிடும். பாதுகாப்புத் திருத்தங்களும் பெரிய பிழைகளுக்கான திருத்தங்களும் மட்டும் வரும். ஆகவே நேற்று ஓடியது இன்று ஓடாமல் போவது மிக அரிது.

அதற்கு விலையாக, புது ஹார்டுவேரில் முதல் நாளே தடுமாறும். ஸ்டேபிளில் இருக்கிற கர்னலைவிட உங்கள் வைஃபை சிப் புதியது என்றால், அந்தக் கர்னலுக்கு அதை அடையாளமே தெரியாது. புதுப் பதிப்புகளை ஸ்டேபிளுக்கு ஏற்றபடி தரும் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்திலிருந்து (மென்பொருள் கிடங்கிலிருந்து) புதிய கர்னலைப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். முன்பெல்லாம் இன்னொரு தொல்லையும் இருந்தது. கட்டற்றது அல்லாத ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஏற்றும் சிறு மென்பொருள்) அதிகாரபூர்வ நிறுவல் இமேஜில் இருக்காது. வைஃபை வேலை செய்ய ஃபர்ம்வேர் வேண்டும், ஃபர்ம்வேரை இறக்க வைஃபை வேண்டும். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அதையும் இமேஜிலேயே சேர்த்துவிட்டார்கள். டெபியனைப் பலருக்கும் பரிந்துரைக்க எனக்குத் துணிவு வந்தது அதன் பிறகுதான்.

நிறுவிய பிறகு டெபியன் உடைந்தால், பெரும்பாலும் உடைத்தது பயனர்தான். ஒரே ஒரு மென்பொருளின் புதுப் பதிப்புக்காக டெபியனின் சோதனைக் கிளையான டெஸ்டிங் களஞ்சியத்தையோ உபுண்டு களஞ்சியத்தையோ சேர்ப்பார்கள். அது ஏறக்குறைய எல்லா மென்பொருளும் சார்ந்திருக்கும் சி நூலகம் வரை இழுத்துக்கொண்டு வரும். இப்படிக் கலந்துபோன நிலைக்கு ஃபிராங்கன்டெபியன் என்று டெபியன் ஆட்களே பெயர் வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து திரும்பி வர நேர்வழி கிடையாது. புதுப் பதிப்பு வேண்டும் என்றால் ஃபிளாட்பேக் (சிஸ்டத்திலிருந்து தனித்து நிற்கும் பேக்கேஜ் முறை) வழியாகப் போடுங்கள். அது அடித்தளத்தைத் தொடாது.

மின்ட்: டைம்ஷிஃப்ட் இருக்கிற தைரியம்

மின்ட்டின் முதன்மைப் பதிப்பு உபுண்டு எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு பெறும் வெளியீடு) மேல் கட்டியது. டிரைவர் மேனேஜரும் சின்னமன் டெஸ்க்டாப்பும் நன்றாக இருக்கின்றன, சரி. ஆனால் மின்ட்டை நான் மதிப்பது டைம்ஷிஃப்ட் என்ற மீட்புக் கருவிக்காக. முதல் முறை உள்ளே நுழைந்ததும் ஸ்னாப்ஷாட் (சிஸ்டத்தின் அந்த நேரத்து நகல்) எடுத்து வைக்கச் சொல்லி வரவேற்புத் திரையே நினைவூட்டும்.

எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் உள்ள டிஸ்க்கில் டைம்ஷிஃப்ட் ஆர்சிங்க் (ஃபைல்களை நகலெடுக்கும் கருவி) முறையில் வேலை செய்யும். முதல் ஸ்னாப்ஷாட் சிஸ்டம் அளவுக்கு இடம் பிடிக்கும். அடுத்தடுத்து வருபவை மாறிய ஃபைல்களை மட்டும் சேர்த்துக்கொண்டு, மாறாதவற்றை ஹார்ட் லிங்க்கால் (மறுபடி நகலெடுக்காமல் அதே ஃபைலைச் சுட்டும் இணைப்பால்) இணைத்துக்கொள்ளும். கணினி பூட்டே ஆகவில்லையா? நிறுவிய யூஎஸ்பியைச் செருகி லைவ் டெஸ்க்டாப்புக்குப் போனால் அங்கேயும் டைம்ஷிஃப்ட் இருக்கும். பழைய ஸ்னாப்ஷாட்டைத் தேர்ந்தெடுத்து மீட்கலாம், டெர்மினலையே தொட வேண்டாம்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. டைம்ஷிஃப்ட் இயல்பாக ஹோம் ஃபோல்டரைத் தொடாது. அது சிஸ்டத்துக்கான பாதுகாப்பு மட்டுமே. உங்கள் படங்களுக்கும் ஆவணங்களுக்கும் தனி பேக்கப் வேண்டும், அதுவும் வேறு டிஸ்க்கில். டைம்ஷிஃப்ட் இருக்கிறதே என்று நம்பியிருந்துவிட்டு டிஸ்க் போன பிறகு தவிப்பவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது.

மின்ட் 20 முதல், அதாவது 2020 முதல், ஸ்னாப் பேக்கேஜ்கள் (உபுண்டுவின் தனிப் பேக்கேஜ் வகை; ஸ்னாப்ஷாட் அல்ல) இயல்பாகத் தடுக்கப்பட்டிருக்கின்றன. உபுண்டுவுக்கும் மின்ட்டுக்கும் நடுவே தயங்குபவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் முடிவைத் தரும். உபுண்டுவில் ஏபிடி (வழக்கமான நிறுவல் கருவி) வழியாகக் குரோமியம் பிரவுசரைக் கேட்டால் ஸ்னாப்தான் வந்து இறங்கும். கேட்டது ஒன்று, வந்தது இன்னொன்று என்று இருப்பது எனக்குப் பிடிக்காது. எதில் கெட்டது என்று தேடும்போது எது எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஃபெடோரா: மூன்று கர்னல்

ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு, ஒவ்வொன்றுக்கும் சுமார் 13 மாத ஆதரவு. வெளியீட்டுக்கு நடுவிலும் கர்னல் புதிதாகிக்கொண்டே இருப்பதால் புது லேப்டாப்களுக்கு ஃபெடோரா நன்றாகப் பொருந்தும். கர்னல் மாறினால் ஏதாவது கெடலாம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதனால் இயல்பாக மூன்று கர்னல்களை வைத்திருக்கும். புதியது காலை வாரினால் பூட் மெனுவில் முந்தையதைத் தேர்ந்தெடுத்து வேலையைப் பார்க்கலாம். பேக்கேஜ்கள் விஷயத்திலும் அப்படித்தான். ஃபெடோராவின் நிறுவல் கருவியான டிஎன்எஃப் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் எண் போட்டு வைக்கும், ஹிஸ்டரி அன்டூ என்று அந்த எண்ணைச் சொன்னால் அதை மட்டும் திருப்பிவிட முயலும்.

ஃபெடோராவில் அதிகம் பேர் மாட்டுவது என்விடியா கிராஃபிக்ஸ் டிரைவரில். ஆர்பிஎம் ஃபியூஷன் என்ற வெளிக் களஞ்சியத்திலிருந்து அதைப் போட்டால், ஒவ்வொரு கர்னல் அப்டேட்டுக்கும் பிறகு மாட்யூல் (கர்னலோடு இணையும் டிரைவர் பகுதி) உங்கள் கணினியிலேயே புதிதாகக் கம்பைல் ஆகும். அதற்குச் சில நிமிடம் பிடிக்கும். அது முடிவதற்குள் ரீஸ்டார்ட் செய்தால் கறுப்புத் திரைதான். செக்யூர் பூட் (கையெழுத்திட்டதை மட்டுமே பூட்டில் அனுமதிக்கும் காப்பு) இயக்கத்தில் இருந்தால், மாட்யூலுக்குக் கையெழுத்திட்ட சாவியையும் ஒரு முறை பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் கம்பைல் ஆன மாட்யூலைக் கர்னல் ஏற்காது.

2020 அக்டோபரில் வந்த ஃபெடோரா 33 முதல் ஸ்னாப்ஷாட் வசதியுள்ள பிடிஆர்எஃப்எஸ்தான் இயல்பான ஃபைல் சிஸ்டம். ஆனால் ஸ்னாப்ஷாட் எடுக்கும் ஏற்பாடு அதோடு வராது. கைக்கருவி இருந்தும் பயன்படுத்தாமல் விட்டது போல எனக்குத் தோன்றும். அந்த வசதி வேண்டுபவர்கள் ஃபெடோராவின் இன்னொரு வடிவமான சில்வர்புளூவைப் பார்க்கலாம். அங்கே சிஸ்டம் முழுவதும் ஒரே இமேஜாக மாறும், பழைய இமேஜ் பூட் மெனுவிலேயே காத்திருக்கும். பதிலுக்கு, கண்டதையும் சிஸ்டத்துக்குள் நிறுவுகிற பழக்கத்தை விட வேண்டியிருக்கும்.

டம்பிள்வீட்டும் ஆர்ச்சும்

இரண்டும் ரோலிங் வகை. புதுப் பதிப்புகள் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். கெடுவதற்கான வாய்ப்பும் இரண்டிலும் உண்டு. மீளும் வழியில்தான் இரண்டும் எதிரெதிர் துருவம்.

டம்பிள்வீட்டில் நிறுவும்போது பிடிஆர்எஃப்எஸ்ஸை மாற்றாமல் விட்டால் ஸ்னாப்பர் என்ற ஸ்னாப்ஷாட் கருவி தானாகவே அமைந்துவிடும். நிறுவல் கருவியான ஜிப்பர் எதையாவது நிறுவுவதற்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட், முடிந்ததும் ஒரு ஸ்னாப்ஷாட். நீங்கள் எதையும் சொல்ல வேண்டாம். அப்டேட் கெடுத்துவிட்டதா? பூட் மெனுவில் பழைய ஸ்னாப்ஷாட்டைத் தேர்ந்தெடுத்து உள்ளே போங்கள். எழுத முடியாத நிலையில் சிஸ்டம் திறக்கும். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஸ்னாப்பர் ரோல்பேக் கொடுத்து ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது. ஹோம் தனி சப்வால்யூமில் (பிடிஆர்எஃப்எஸ்ஸின் தனிப் பிரிவில்) இருப்பதால், இன்று எழுதிய கட்டுரை நேற்றைய நிலைக்குப் போய்விடாது. ஒரு மாலை, மறுநாள் காலை முடித்துக் கொடுக்க வேண்டிய வேலை கையில் இருக்கும்போது, அப்டேட்டுக்குப் பின் உள்நுழையும் திரையே வரவில்லை. அப்போது இப்படித்தான் திரும்பினேன். அந்த நிம்மதியை இன்னும் மறக்கவில்லை. இதில் கவனிக்க வேண்டியது டிஸ்க் இடம். ரூட்டுக்கு (சிஸ்டம் இருக்கும் பகுதிக்கு) கஞ்சத்தனமாக இடம் ஒதுக்கினால் ஸ்னாப்ஷாட்களே அதை நிரப்பிவிடும். அப்புறம், டம்பிள்வீட்டை ஜிப்பரின் டப் (dup) கட்டளையால்தான் புதுப்பிக்க வேண்டும், அப் (up) கட்டளையால் அல்ல.

ஆர்ச் இப்படித் தாங்கிப் பிடிக்காது. 2002இல் வந்த நாளிலிருந்து அதன் எதிர்பார்ப்பு ஒன்றுதான்: உங்கள் கணினியில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்டேட்டுக்கு முன் ஆர்ச்சின் செய்திப் பக்கத்தைப் படிப்பது சடங்கு அல்ல, அவசியம். 2025 ஜூனில் லினக்ஸ் ஃபர்ம்வேர் பேக்கேஜைப் பல துண்டாகப் பிரித்தார்கள். பழையதைக் கையால் நீக்கிவிட்டுப் புதியதைப் போடச் சொல்லி முன்பே அறிவித்தார்கள். படித்தவர்களுக்கு இரண்டு நிமிட வேலை. படிக்காதவர்களின் அப்டேட் ஃபைல் மோதலில் போய் நின்றது.

இன்னொரு தவறு பாதி அப்டேட். பேக்கேஜ் பட்டியலை மட்டும் புதுப்பித்துவிட்டு ஒரே ஒரு பேக்கேஜை நிறுவினால், அது கேட்கிற நூலகப் பதிப்பு ஒன்றாகவும் இருப்பது வேறாகவும் போய்விடும். ஆர்ச்சில் ஆதரவு முழு அப்டேட்டுக்கு மட்டுமே. கெட்டுப்போனால் லைவ் யூஎஸ்பியிலிருந்து பார்ட்டிஷன்களை மவுண்ட் செய்து, ஆர்ச் சிரூட் (நிறுவிய சிஸ்டத்துக்குள் நுழைய உதவும் கட்டளை) வழியாக உள்ளே போய், ஆர்ச்சின் நிறுவல் கருவியான பேக்மேனின் கேஷில் கிடக்கும் பழைய பேக்கேஜைத் திரும்பப் போட வேண்டும். எல்டிஎஸ் கர்னலையும் கூடவே நிறுவி வைத்திருந்தால் பல நாள் அந்த யூஎஸ்பியே தேவைப்படாது. ஆர்ச்சை நான் தினசரி வேலைக்கு வைத்துக்கொள்வதில்லை. ஆனால் பூட் எப்படி நடக்கிறது, இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் தற்காலிக ஃபைல் சிஸ்டம்) எதற்கு என்பதெல்லாம் எனக்குப் புரிந்தது அங்கேதான். அதன் விக்கியோ எந்த டிஸ்ட்ரோகாரருக்கும் உதவும்.

எதில் கோளாறு என்று பிரிப்பது

எந்த டிஸ்ட்ரோவானாலும் நான் முதலில் செய்வது ஒன்றே. திரை உறைந்தால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 சேர்த்து அழுத்துவேன். எழுத்துத் திரை வந்தால் கர்னல் உயிரோடு இருக்கிறது, பழுது டெஸ்க்டாப் பக்கம். வராவிட்டால் ரீஸ்டார்ட் செய்து, ஜர்னல்சிடிஎல் கட்டளைக்கு மைனஸ் பி, மைனஸ் 1 என்று கொடுத்தால் போன முறை ஓடியதன் லாக் கிடைக்கும். அதன் கடைசி வரிகளில்தான் பெரும்பாலும் துப்பு இருக்கும்.

டெஸ்க்டாப் பக்கம்தான் பழுது என்றால் ஒரு புதுப் பயனர் கணக்கை உருவாக்கி அதில் நுழைந்து பாருங்கள். அங்கே எல்லாம் சரியாக இருந்தால் சிஸ்டத்தில் குறையில்லை, உங்கள் ஹோமில் இருக்கும் ஏதோ ஒரு அமைப்புக் கோப்புதான் காரணம். மறுபடி முழுசாக நிறுவிவிடலாம் என்று நினைக்கும் எத்தனையோ பேருக்கு இந்தப் பத்து நிமிடச் சோதனை போதும்.

க்னோம், பிளாஸ்மா, எக்ஸ்எஃப்சிஇ

இந்த மூன்றும் டிஸ்ட்ரோவின் மேல் ஓடும் டெஸ்க்டாப்கள். க்னோம் அழகாக இருக்கிறது, தனியாக விட்டால் கெடுவதும் குறைவு. ஆனால் நம்மில் பலர் அதை எக்ஸ்டென்ஷன்களால் நிரப்புகிறோம். ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனும் எந்த க்னோம் பதிப்புகளுக்கு ஏற்றது என்று தன்னிடமே எழுதி வைத்திருக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை க்னோம் மாறும்போது பாதி நின்றுவிடும். பத்து எக்ஸ்டென்ஷன் இல்லாமல் க்னோம் பிடிக்காது என்றால் உங்களுக்கு வேண்டியது க்னோம் அல்ல, பிளாஸ்மா. அந்தப் பத்தில் பெரும்பாலானவை பிளாஸ்மாவின் அமைப்புகளிலேயே இருக்கும். அங்கே பேனல் காணாமல் போவது போன்ற சில்லறைக் கோளாறுகள் வரும், ஆனால் பிளாஸ்மா ஷெல்லை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் திறந்திருக்கும் ஜன்னல்கள் மூடாமலே சரியாகும். எக்ஸ்எஃப்சிஇ மெதுவாகத்தான் மாறும். 4.18 வந்தது 2022 டிசம்பரில், 4.20 வந்தது 2024 டிசம்பரில். பழைய கணினிக்கு அதுவே போதும்.

திரையில் ஜன்னல்களைக் காட்டும் அடித்தளமாக வேலண்ட் வேண்டுமா, பழைய எக்ஸ்11 வேண்டுமா என்ற விவாதம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. 2024 பிப்ரவரியில் வந்த பிளாஸ்மா 6 இயல்பாக வேலண்ட்டில் திறக்கிறது. 2025 செப்டம்பரில் வந்த க்னோம் 49 எக்ஸ்11 அமர்வை இயல்பாக அணைத்தே வைத்திருக்கிறது. அடர்த்தி வேறுபட்ட இரண்டு மானிட்டர்களை வைத்திருப்பவர்களுக்கு வேலண்ட்டே நல்லது. விசைகளையும் மவுஸையும் ஸ்கிரிப்ட்டால் இயக்குபவர்களுக்கு இன்னும் சங்கடம்தான்.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் இதில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். க்னோமில் ஐபஸ் என்ற தட்டச்சு உள்ளீட்டுக் கருவி உள்ளேயே பிணைந்திருக்கிறது. எம்17என் என்ற பலமொழி நூலகத்தைச் சேர்த்தால் தமிழ்99 விசையமைப்பு கிடைத்துவிடும். பிளாஸ்மாவில் இன்னொரு உள்ளீட்டுக் கருவியான எஃப்சிஐடிஎக்ஸ்5 நன்றாக ஓடும், ஆனால் நிறுவினால் மட்டும் போதாது. வேலண்ட்டில் சிஸ்டம் அமைப்புகளுக்குள் விர்ச்சுவல் கீபோர்டு என்ற இடத்தில் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விர்ச்சுவல் கீபோர்டு என்ற பெயரைப் பார்த்தால் திரையில் வரும் விசைப்பலகை என்றுதான் யாருக்கும் தோன்றும். அதனால் அந்தப் பக்கமே போகாமல், தமிழ் வரவில்லை என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

இப்போது என் மேசைக் கணினியில் டம்பிள்வீட்டும் பிளாஸ்மாவும், லேப்டாப்பில் டெபியன் 13உம் எக்ஸ்எஃப்சிஇயும் ஓடுகின்றன. வீட்டில் மற்றவர்கள் பயன்படுத்தும் கணினியில் மின்ட் போட்டு, வாரம் ஒரு ஸ்னாப்ஷாட் எடுக்கும்படி டைம்ஷிஃப்ட்டை அமைத்துக் கொடுத்திருக்கிறேன். அவர்களுக்குப் பழைய ஸ்னாப்ஷாட்டை மீட்பது எப்படி என்று ஒரு முறை உட்கார்ந்து செய்துகாட்டியும் இருக்கிறேன்.