மதுரைல ஒரு லேடீஸ் டெய்லர் கடை: அளவு மட்டும் எடுக்குறாங்க, அட்வைஸ் குடுக்கறதில்ல

முதல்லயே சொல்லிடுறேன், கடை பேரு போட மாட்டேன். சிம்மக்கல் பக்கம், மாடிப்படி ஏறிப் போகணும், அவ்ளோதான் க்ளூ. ஏற்கனவே அங்க துணி குடுத்தா எப்ப வரும்னு அந்த அக்காவுக்கே தெரியாது, இதுல நான் வேற பேரப் போட்டு கூட்டத்த சேத்துவிட்டா என் தீபாவளி ஜாக்கெட் பொங்கலுக்குத்தான் கைக்கு வரும். அப்புறம் எதுக்கு ரிவ்யூன்னா, உங்க ஊர்ல உங்க டெய்லர்கிட்ட என்னென்ன கேக்கலாம்னு இதப் படிச்சா தெரியும், அதுக்குத்தான்.

என் அளவு: உயரம் 5 அடி 1 அங்குலம், மார்பு 42, இடுப்பு 37, மேல்கை சுத்தளவு 15. ஒளிச்சு வைக்க ஒண்ணும் இல்ல, ஏன்னா இந்த நம்பரத் தெரியாம கீழ எழுதறது உங்களுக்கு புரியாது.

இந்த அளவுல இருக்கறவங்களுக்கு டெய்லர் கடைன்னா என்னன்னு நல்லா தெரியும். டேப்ப சுத்தும்போதே ஒரு "ம்ம்ம்" வரும் பாருங்க. அப்புறம் "போன தடவைக்கு ரெண்டு இஞ்ச் ஏறிருச்சேம்மா". அப்புறம் "கை குண்டா இருக்கு, முழங்கை வரைக்கும் வச்சிருவோம், மறைஞ்சிரும்". போட் நெக் கேட்டா "உங்களுக்கு செட் ஆகாது". நான் காசு குடுத்து தைக்க வந்திருக்கேன், எனக்கு என்ன செட் ஆகும்னு ஓட்டு போட்டு முடிவு பண்ண வரல. ஆனா அதெல்லாம் கேட்டு கேட்டு என்ன ஆகும்னா நாமளே கடைக்குள்ள நுழையும்போதே "கொஞ்சம் வெயிட் போட்டுட்டேன்க்கா, குறைச்சிருவேன், இப்போதைக்கு டைட்டாவே தைங்க"ன்னு வாக்குமூலம் குடுக்க ஆரம்பிச்சிருவோம். குறையப் போற உடம்புக்கு தச்ச ஜாக்கெட் எங்க பீரோல ஒரு தட்டு ஃபுல்லா கெடந்துச்சு, இருக்கிற உடம்புக்குத்தான் போட ஒண்ணும் இல்ல.

இந்த அக்கா கடையில அளவெடுக்கிற இடத்துல கண்ணாடி கிடையாது. இத நான் ரொம்ப லேட்டாத்தான் கவனிச்சேன். ட்ரையல் ரூம்ல ஒரு ஆளுயர கண்ணாடி இருக்கு, ஆனா அது திரைக்கு வெளிப்பக்கம், ஜாக்கெட்ட போட்ட உடனே அதப் பாக்க விடமாட்டாங்க. "கைய மேல தூக்கு. மேல ஒரு டப்பா இருக்குன்னு நெனச்சுக்க, எடு. இப்ப ஸ்டூல்ல உக்காரு. குனிஞ்சு செருப்ப மாட்டுற மாதிரி பண்ணு. நல்லா மூச்ச இழுத்து விடு." இவ்ளோவும் பண்ணி எங்கயாவது இழுக்குதா, அறுக்குதா, மேல ஏறுதான்னு பாத்து சாக்பீஸ்ல கோடு போட்டுட்டு, அதுக்கப்புறம்தான் "போய் கண்ணாடில பாத்துக்க". அந்த ஆர்டர்ல பாத்தா நெசமாவே வேற மாதிரி இருக்குங்க, ஏற்கனவே உடம்பு வசதியா இருக்குன்னு தெரிஞ்சப்புறம் பாக்கிறோம்ல, கண்ணு நேரா வயித்துக்கு போகல, கழுத்து டிசைன் எப்படி வந்திருக்குன்னு பாத்தேன். கண்ணாடி முன்னாடி நின்னு "ஐ லவ் மை பாடி"ன்னு பத்து தடவ சொல்லுங்கன்னு ரீல்ஸ்ல சொல்லுவாங்களே, அதெல்லாம் எனக்கு வரவே வராது, சிரிப்புதான் வரும். இது வந்துச்சு.

இப்ப தையல் விஷயம். என் வாழ்க்கைல பாதி ஜாக்கெட் கைய தூக்கினா மொத்தமா மேல ஏறிக்கும், பஸ்ல கம்பிய பிடிச்சா வயிறு தெரியும், இன்னொரு கையால இழுத்து விட்டுட்டே நிக்கணும். அதுக்கு காரணம் என் கை குண்டா இருக்கறதுன்னுதான் எல்லா டெய்லரும் சொன்னாங்க, நானும் நம்பினேன். இந்தக்கா என் பழைய ஜாக்கெட்ட திருப்பிப் போட்டு காமிச்சாங்க. ஆர்ம்ஹோல், அதான் கை ஏறுற குழி, அத ரொம்ப கீழ இறக்கி வெட்டியிருக்கு. "லூசா வேணும்னு நீ கேட்டிருப்ப, அவன் குழிய ஆழமாக்கிட்டான். குழி கீழ போகப்போக கை தூக்க வராது, மொத்த துணியும் கூடவே வரும். குழி அக்குளுக்கு கிட்டத்துல இருக்கணும், கையில தான் அகலம் குடுக்கணும்." அவ்ளோதான். வெட்டுல இருந்த தப்பு என் உடம்பு கணக்குல எழுதப்பட்டிருந்துச்சு, அதுவும் எத்தன வருஷமா.

அதே மாதிரி எனக்கு ஒரு பக்கம் தோள் லேசா இறங்கியிருக்கும், அந்தப் பக்கம் கழுத்து எப்பவும் நழுவும். அத சொல்லி நான் கூச்சப்பட்டப்ப அக்கா ரிஜிஸ்டர எடுத்து விரிச்சாங்க, மத்தவங்க பேர கையால மறைச்சுட்டு நம்பர மட்டும் காமிச்சாங்க. முக்காவாசி பேருக்கு வலது இடதுன்னு தனித்தனியா எழுதி வச்சிருக்காங்க. ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கிற ஆளு அபூர்வம்னாங்க. அவங்க அப்பா மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எதிர்ல இருக்கிற புது மண்டபத்துல மிஷின் போட்டிருந்தவராம், கடைகளெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறுறதுக்கு ரொம்ப முந்தி. துணி எடுத்துட்டு வந்து நிக்கிற பொம்பளைங்களுக்கு கோயிலுக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள தச்சுக் குடுக்கிற வேகம், அப்பல்லாம் எக்ஸ்எல்லும் கிடையாது எம்மும் கிடையாது, வந்த ஆளுக்கு என்ன அளவோ அது.

இந்த எக்ஸ்எல் விஷயத்துக்கு வர்றேன். ஒரு பிராண்ட் குர்த்தில எக்ஸ்எல்னா மார்பு 40, இன்னொண்ணுல 42, ஆன்லைன்ல இன்னும் வேற. நான் ஒரே நாள்ல ரெண்டு கடைல எக்ஸ்எல்லும் த்ரீ எக்ஸ்எல்லும் வாங்கியிருக்கேன், நடுவுல ஒரு ஜிகர்தண்டா குடிச்சேன், அது காரணமா இருக்க வாய்ப்பில்ல. நம்ம நாட்டு ரெடிமேட் கம்பெனிக வச்சிருக்கிற சைஸ் சார்ட்டெல்லாம் பெரும்பாலும் வெளிநாட்டு சார்ட்ட கொஞ்சம் மாத்தி எடுத்துக்கிட்டது. இந்தியாவுக்குன்னு தனியா சைஸ் வேணும்னு நிஃப்ட் (மத்திய அரசோட ஃபேஷன் காலேஜ்) இண்டியாசைஸ்னு ஒரு சர்வே ஆரம்பிச்சாங்க, 15 வயசுல இருந்து 65 வரைக்கும் 25,000 பேருக்கு மேல 3டி ஸ்கேனர்ல நிக்க வச்சு அளவெடுக்கிற திட்டம். கொல்கத்தா, மும்பை, டெல்லி, ஹைதராபாத், பெங்களூரு, ஷில்லாங்னு ஆறு ஊரு. (தமிழ்நாட்டுல ஒரு ஊரு கூட இல்ல, அத தனியா ஒரு நாள் புலம்பணும்.) அப்ப பாருங்க, நமக்குன்னு அளவே எடுக்காத சட்டைக்குள்ள நாம நுழையலன்னு ட்ரையல் ரூம்ல உக்காந்து அழுதிருக்கோம்.

உயரத்துக்கு ஏத்த எடையான்னு பாக்கிற பிஎம்ஐ கணக்கும் கிட்டத்தட்ட இந்த கதைதான். அத முதல்ல போட்டது டாக்டர் இல்ல, பெல்ஜியத்துல க்வெட்லேன்னு ஒரு கணக்கு வாத்தியார், 1830கள்ல, கூட்டத்துல சராசரி மனுஷன் எப்படி இருப்பான்னு பாக்கிறதுக்கு. ஒருத்தர தனியா நிக்க வச்சு நீ சரியா தப்பான்னு சொல்றதுக்காக இல்ல. பிஎம்ஐன்னு பேரு வச்சதே 1972ல தான். அதுக்காக அது மொத்தமா குப்பைன்னு நான் சொல்ல வரல, நம்ம ஆளுங்களுக்கு கம்மி எடையிலயே சுகர் வருதுன்னு ஆசியாக்காரங்களுக்கு 25க்கு பதில் 23லயே உஷாராகணும்னு உலக சுகாதார நிறுவன நிபுணர்கள் 2004ல சொன்னதும் இதே பிஎம்ஐய வச்சுத்தான்.

ஏன் இத சொல்றேன்னா எனக்கும் சுகர் பார்டர். ஹெச்பிஏ1சி (ரெண்டு மூணு மாச சராசரி சுகர காட்டுற டெஸ்ட்) 5.9, 5.7ல இருந்து 6.4 வரைக்கும் ப்ரீ டயபடிஸ். டாக்டரம்மா இடுப்பளவு 80 சென்டிமீட்டருக்குள்ள கொண்டு வரப் பாருங்கன்னாங்க. என்னோடது 37 இஞ்ச், அதாவது 94. "உடம்ப அப்படியே ஏத்துக்கோ"ன்னு சொல்றவங்ககிட்ட எனக்கு இருக்கிற பிரச்சனை இதுதான், ஏத்துக்கிட்டு அப்படியே உக்கார எனக்கு வசதி இல்ல, எங்க வீட்ல அம்மாவுக்கும் சுகர், பெரியம்மாவுக்கும் சுகர். ஆனா இன்னொரு பக்கம், வெறுத்துக்கிட்டு ஓடினதும் வேலைக்கு ஆகல. ஜிம்முக்கு பணம் கட்டிட்டு டைட் டீஷர்ட்ல அங்க போய் நிக்க வெக்கப்பட்டு விட்டவதான் நான்.

இந்தக்கா கிட்ட சும்மா ஒரு நாள் நடக்கறதுக்கு ஒரு சுடிதார் டாப் தச்சேன், காட்டன், பக்கவாட்டுல ஓப்பன், ஆர்ம்ஹோல் மேல சொன்ன மாதிரி, முன்பக்கம் டாட் (மார்பு வளைவுக்கு மடிச்சுத் தைக்கிற மடிப்பு) கரெக்டான இடத்துல. அதப் போட்டுட்டு ரேஸ்கோர்ஸ் பக்கம் காலைல நடக்க ஆரம்பிச்சேன், அக்குள்ல உரசல, பின்னாடி இழுத்து விட வேண்டியதில்ல, கைய வீசி நடக்க முடியுது. இது கேக்க ரொம்ப சின்ன விஷயமா இருக்கும். ஆனா நான் நடக்காம இருந்ததுக்கு சோம்பேறித்தனம்தான் காரணம்னு வீட்ல எல்லாரும் சொன்னாங்க, பாதி காரணம் துணி.

அடுத்த தடவ அளவெடுக்கும்போது இடுப்பு கொஞ்சம் கம்மியா வந்துச்சு. ரிஜிஸ்டர்ல எழுதினத நான் எட்டிப் பாத்து தெரிஞ்சுக்கிட்டேன். அக்கா ஒரு வார்த்தை சொல்லல. பழைய நம்பர அடிச்சாங்க, புதுசு எழுதினாங்க, "கை நீளம் அதே தானே?" அவ்ளோதான். கூடினப்ப ஐயோவும் இல்ல, குறைஞ்சப்ப சபாஷும் இல்ல. எனக்கு ஒரு செகண்ட் ஏமாற்றமாக் கூட இருந்துச்சு, பாராட்டுவாங்கன்னு எதிர்பாத்திருக்கேன் போல. அப்புறம் யோசிச்சுப் பாத்தா அந்த சபாஷ்தான் பெரிய ஆபத்து, அது இன்னைக்கு வந்தா நாளைக்கு கூடும்போது அந்த கடைக்கே போக கால் வராது. எங்க ஆஃபீஸ்ல ஒரு மேடம் தைராய்டு கோளாறுல கடகடன்னு இளைச்சாங்க, ரிப்போர்ட் வர்றதுக்கு முந்தி எல்லாரும் அவங்ககிட்ட டயட் சார்ட் கேட்டுட்டு இருந்தோம்.

புதுசா சேந்த ஹெல்ப்பர் பொண்ணு ஒரு கஸ்டமர்கிட்ட "அக்கா குழந்தை பெத்தப்புறம் வயிறு விழுந்திருச்சுல்ல"ன்னு ஆரம்பிச்சா. மிஷின நிறுத்திட்டு அக்கா சொன்னது, "அளவச் சொல்லுடி, ஆளச் சொல்லாத." திரும்ப மிஷின் ஓட ஆரம்பிச்சிருச்சு.

உள்ள துணி விடுற விஷயம் சொல்லியே ஆகணும். ரெண்டு பக்கமும் ஒன்றரை இஞ்ச் விட்டுத்தான் தைக்கிறாங்க, மூணு வரிசை தையல், உள் தையல பிரிச்சா லூசாயிடும், பிடிச்சா டைட்டாயிடும், புதுசு தைக்க வேண்டியதில்ல. பீரியட்ஸ் டைம்ல ஒரு சைஸ் உப்புற ஆளுங்களுக்கு கொக்கிக்கு ரெண்டு வரிசை நூல் கண்ணி வச்சுத் தர்றாங்க, கேட்டா மட்டும். சுங்குடி, கைத்தறி காட்டன்னா தண்ணில நனைச்சு காயப்போட்டுதான் வெட்டுவாங்க, அதனால முதல் துவைப்புல சுருங்கி "ஐயோ குண்டாயிட்டேன்"னு பயப்பட வேண்டிய சீன் இல்ல.

ரேட்டு: லைனிங் ஜாக்கெட் 550, பிரின்சஸ் கட் 750, சாதா காட்டன் 300, சுடிதார் செட் 600. பெரிய சைஸுக்கு எக்ஸ்ட்ரா சார்ஜ் கிடையாது, லைனிங் துணி கூட ஆனா அந்த துணி காசு மட்டும். பக்கத்துலயே 350க்கு லைனிங் ஜாக்கெட் தைக்கிற கடை இருக்கு, அதனால இது சீப் இல்ல. ஜிபே உண்டு, கார்டு இல்ல.

குறைன்னு பாத்தா நெறைய. சொன்ன தேதிக்கு வரவே வராது, ஃபோன எடுக்க மாட்டாங்க, எடுத்தாலும் "கொக்கி மட்டும்தான் பாக்கி"ம்பாங்க, அங்க போய் பாத்தா துணிய வெட்டியே இருக்க மாட்டாங்க. மாடிப்படி செங்குத்தா இருக்கு, கைப்பிடி இல்ல, முட்டிவலி உள்ளவங்க கீழ இருந்தே கூப்பிட்டா பொண்ணு இறங்கி வரும், ஆனா அளவெடுக்க எப்படியும் ஏறித்தான் ஆகணும். எல்லா உடம்புக்கும் தைக்கிற கடைக்கு இப்படி ஒரு படி இருக்கறது எனக்கு பிடிக்கல, சொல்லியும் பாத்தேன், வாடகை கட்டடம்னாங்க. ஆரி வொர்க் வெளிய குடுத்து வாங்குறாங்க, ஃபினிஷிங் சுமார், அதுக்கு வேற ஆள பாருங்க. ஃபேஷன் டிசைன் ஃபோன்ல காமிச்சா அவங்களுக்கு தெரிஞ்ச மாதிரிதான் வரும், பஃப் கை கேட்டா எண்பதுகள்ல வந்த பஃப் தான் வரும்.

போட் நெக் தச்சுக் குடுத்தாங்க, ஒரு கேள்வி கேக்காம. நல்லாத்தான் இருக்கு. மச்சினி கல்யாணத்துக்கு போட்டுட்டு போனேன், ஸ்லீவ் குட்டையா இருக்கேன்னு ஒரு அத்தை கேட்டாங்க, ஆமா அத்தை வெயில் அதிகம்னு சொல்லிட்டு பந்திக்கு போயிட்டேன்.

5க்கு 4. ஒரு ஸ்டார் லேட்டுக்கு கட். முகூர்த்த மாசத்துலயும் தீபாவளிக்கு முந்தியும் குடுக்கவே குடுக்காதீங்க, ஆடி மாசம் பிறந்த உடனே துணியக் கொண்டுபோய் போட்டுட்டு ரசீது எழுதி வாங்கிக்கோங்க, ரசீது இல்லன்னா உங்க துணி யாரு துணின்னு அவங்களுக்கே தெரியாது.