தறிக்காரர்களே, "சம்பளக் கடன்" என்று வருகிறவரிடம் கவனம்

இளம்பிள்ளை, கொண்டலாம்பட்டி பக்கம் தறி வைத்திருப்பவர்கள் இதைப் படியுங்கள். கொரோனா காலத்தில் எங்களிடம் பணம் கறந்த இடைத்தரகர், அதே கடன் "சம்பளக் கடன்" என்ற பெயரில் திரும்ப வந்திருக்கிறது என்று மறுபடியும் சுற்றி வருகிறார்.

2020 ஊரடங்கில் நெய்த சேலையெல்லாம் மூட்டையாகக் கிடந்தது, வியாபாரி எடுக்கவில்லை. ஆனாலும் சனிக்கிழமை வந்தால் தறி ஓட்டுகிறவர்களுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். அப்போதுதான் மத்திய அரசு அவசரகாலக் கடன் உத்தரவாதத் திட்டத்தை அறிவித்தது. அந்த வருடம் பிப்ரவரி 29 அன்று வங்கியில் நமக்கு எவ்வளவு கடன் பாக்கி இருந்ததோ, அதில் 20 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். எங்களுக்குப் பாக்கி 12 லட்சம், அதனால் 2 லட்சத்து 40 ஆயிரம்.

வங்கிக் கிளையில் கேட்டால், கவுண்டரில் இருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தாமல் "வெளியில ஒரு தம்பி இருப்பாரு, அவரைப் பாருங்க" என்றார். அந்தத் தம்பி 5 சதவீதம் கமிஷன் என்று 12,000 ரூபாய் வாங்கினார். அப்புறம், "கேரண்டி ஃபீஸ் கட்டினாத்தானுங்கண்ணா ஃபைலு நகரும்" என்று இன்னொரு 3,500. ரசீது கேட்டதற்குக் கணக்கு நோட்டில் பாதித் தாளைக் கிழித்து, பென்சிலில் "ஃபைல் செலவு" என்று எழுதிக் கொடுத்தார். தேதியும் இல்லை, கையெழுத்தும் இல்லை.

அந்தக் கடனுக்குப் பரிசீலனைக் கட்டணம் கிடையாது, உத்தரவாதக் கட்டணம் கிடையாது, புதிதாக அடமானமும் கிடையாது. வங்கி 9.25 சதவீதத்துக்கு மேல் வட்டி போடக் கூடாது. முதல் ஒரு வருடம் வட்டி மட்டும் கட்டினால் போதும். தகுதியுள்ள வாடிக்கையாளருக்கு வங்கியே கூப்பிட்டுக் கொடுக்க வேண்டிய பணம் அது. கடன் வந்தது உண்மைதான். ஆனால் அந்த 15,500 ரூபாய் எங்கள் ஆட்களின் கூலிக்குப் போயிருக்க வேண்டிய பணம்.

இதைவிட வயிறு எரிவது பக்கத்துத் தெரு அக்காவை நினைத்தால்தான். இரண்டே தறி, வங்கியில் ஒரு பைசா கடன் இல்லை. பழைய கடன் இல்லாதவருக்கு இந்தத் திட்டம் பொருந்தவே பொருந்தாது. அது தெரிந்தும் அந்தத் தரகர் அக்காவிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார். கடனும் வரவில்லை, பணமும் திரும்பவில்லை.

சரி, இப்போதைய விஷயம். 2020இல் வந்த அந்தத் திட்டம் 2023 மார்ச் 31 உடன் முடிந்துவிட்டது. அதே கடனை வாங்கித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் பொய். உத்யம் பதிவுக்கென்று (சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு) தனியாகப் பணம் கேட்கிறாராம், அதுவும் அரசு இணையதளத்தில் இலவசம். ஆதாரையோ கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலையையோ அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

வங்கி ஆளே தரகரிடம் அனுப்பினால் ரிசர்வ் வங்கியின் 14448 எண்ணில் கேட்டுப் புகார் கொடுக்கலாம். ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்திருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. இவரிடம் பணம் கொடுத்தவர்கள் எனக்கு எழுதுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் எல்லாருமாகச் சேர்ந்து மனு கொடுப்போம்.