ஈயச் சொம்பும் பழைய சோறும்: மயிலாப்பூரில் ஓர் ஓவியப் பட்டறை

சென்ற மாதம் மயிலாப்பூரில் ஒரு வீட்டு மாடியில் சனி, ஞாயிறு இரு நாள்களும் நடந்த எண்ணெய் வண்ண ஓவியப் பட்டறைக்குச் சென்று வந்தேன். பதினேழாம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் ஹார்லெம் நகரத்து ஓவியர்களான பீட்டர் கிளாஸும் வில்லெம் ஹேடாவும் ரொட்டி, ஹெர்ரிங் மீன், ஒரு கோப்பை பீர் என எளிய உணவை வரைந்த முறையில் நம் வீட்டுச் சாப்பாட்டை வரையக் கற்றுத்தந்தார்கள். கட்டணம் 3,500 ரூபாய். வண்ணங்களும் கித்தானும் அதில் அடக்கம்.

வெள்ளை, கறுப்பு, யெல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு) ஆகிய நான்கைத் தவிர மற்ற வண்ணக் குழாய்களையெல்லாம் ஆசிரியை முதலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார். 1620களின் பிற்பாதியிலிருந்து அவ்விருவரும் பழுப்பையும் சாம்பலையும் கொண்டே படத்தை நடத்தியவர்கள் என்பதால் இது நியாயமான கண்டிப்புதான். கிளாஸ் 1627இல் வரைந்த ஒரு படத்தில் பஞ்சாங்கத் தாளைக் கூம்பாகச் சுருட்டி மிளகு வைத்திருப்பதையும் காட்டினார். அசல் கடலைப் பொட்டலம்.

எங்கள் மேசையில் மண்சட்டியில் பழைய சோறு, உரித்த சின்ன வெங்காயம், மோர் மிளகாய். முதலில் வைத்த எவர்சில்வர் தட்டு மின்விசிறி வரை எல்லாவற்றையும் கண்ணாடிபோலக் காட்டியதால், அதை எடுத்துவிட்டு ரசம் வைக்கும் ஈயச் சொம்பைக் கொண்டுவந்தார். இச்சொம்பைப் போலவே டச்சுப் படங்களில் வரும் பியூட்டர் என்ற உலோகக் கலவைத் தட்டும் பெரும்பகுதி வெள்ளீயமே என்பதால் ஒளி இதிலும் மங்கி, பரவி நின்றது. அச்சொம்பின் வயிற்றில் வெங்காயத்தின் சிவப்பு படிந்திருந்த இடத்துக்கே எனக்கு அரை நாள் ஆயிற்று: சிவப்பு வண்ணமே கையில் இல்லாதபோது, அம்பரோடு சிறிது ஆக்கரைக் கலந்து சாம்பலுக்கு அருகில் வைத்தால் அது சிவப்பாகவே தெரிகிறது. மிளகாயை மேசை விளிம்புக்கு வெளியே நீட்டிவைத்து, "கீழ விழுந்துடுமோன்னு பாக்கிறவங்களுக்குத் தோணணும்" என்றார்.

குறை இரண்டு. இடப்பக்கச் சன்னல் வெளிச்சம் ஒன்றே போதும் என்று பாடம் நடத்திவிட்டு, இருட்டாக இருக்கிறது என்று சிலர் சொன்னதும் டியூப்லைட்டைப் போட்டதால் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு நிழல் விழுந்தது. அடுத்தது காலம். அம்பர் ஓர் இரவில் ஓரளவு காய்ந்தாலும் வெள்ளையும் கறுப்பும் காய்வதில்லை. ஞாயிறன்று அவற்றின் மேல் பூசியதெல்லாம் சேறாகக் கலந்தது. இதையே மூன்று சனிக்கிழமைகளாகப் பிரித்து நடத்தினால் நான் மறுபடியும் பணம் கட்டத் தயார். ஈர ஓவியத்தை எடுத்துச் செல்ல ஓர் அட்டைப் பெட்டியாவது தந்திருக்கலாம். ஆட்டோவில் மடியில் ஏந்தி வந்ததில் ஒரு வெங்காயம் என் சட்டையோடு போய்விட்டது.