முனையில் மட்டும் நாலு ஸ்கொயர்

வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு, மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுக்கப் போகிறீர்களா? ஆளைக் கூப்பிடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். வயரில் இப்படியும் ஏமாற்றலாம் என்பது அம்மாவின் கிரைண்டர் மோட்டார் புகைந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

எங்கள் வீடு திருவொற்றியூர் காலடிப்பேட்டையில். அகலம் குறைந்து நீளம் கூடிய மனை. வாசலில் மீட்டர், கடைசியில் ஷெட், நடுவில் 28 மீட்டர். அங்கேதான் அம்மா இட்லி மாவு ஆட்டி விற்கிறார். 1 எச்பி டில்டிங் கிரைண்டர் இரண்டு, ஒரு டீப் ஃப்ரீசர், லைட், ஃபேன். எல்லாம் சேர்ந்து ஓடினால் 15 ஆம்பியர் இழுக்கும்.

தெரிந்தவர் சொல்லி வந்த எலக்ட்ரீஷியன், "நாலு ஸ்கொயர் காப்பர் போட்டுடலாம்மா, அப்புறம் கவலையே இல்ல" என்று பொருளோடு சேர்த்து 15,000 ரூபாய் பேசினார். நாலு ஸ்கொயர் என்றால் வயருக்குள் இருக்கும் கம்பியின் குறுக்குவெட்டு 4 சதுர மில்லிமீட்டர். நல்ல கம்பெனியின் 90 மீட்டர் காயிலை எங்கள் கண் முன்னால்தான் பிரித்தார். லைன், நியூட்ரல், எர்த் மூன்றுக்கும் 84 மீட்டர், ஒரு காயிலே போதும். பிவிசி பைப்பெல்லாம் மாட்டி முடித்ததும் இரண்டு பக்க பெட்டியையும் திறந்து காட்டினார். தடியான வயர், மேலே 4 ஸ்கொயர் என்ற அச்சு, எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ஆனால் இரண்டாவது கிரைண்டரைப் போட்டால் லைட் மங்கும். மோட்டார் உறுமும், கல் சுற்றாது. கொஞ்ச நேரத்தில், கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்சான 16 ஆம்பியர் எம்சிபி விழுந்துவிடும். கூப்பிட்டதும் வந்தார், "எம்சிபி சின்னதும்மா, லோடு தாங்கல" என்று 32 மாட்டிவிட்டுப் போனார். எனக்கு இன்னும் ஆத்திரம் தீராதது இந்த வேலையில்தான். எம்சிபி இருப்பது முதலில் வயரைக் காப்பாற்ற. அது விழுகிறது என்றால் காரணத்தைத் தேட வேண்டும், பெரியதை மாட்டி அதன் வாயை அடைக்கக் கூடாது. அதற்கப்புறம் மோட்டார் கிளம்ப முடியாமல் நின்றபோது எதுவும் விழவில்லை, மோட்டாருக்குள் இருக்கும் காயில்தான் கருகியது.

மோட்டாரைக் காயில் கட்டுகிற கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, ஷெட்டுல வோல்டேஜ் எவ்ளோ வருது?" என்று கேட்டார். புது மோட்டார் வந்ததும் இரண்டையும் ஓடவிட்டு மல்டிமீட்டர் வைத்தேன். மீட்டர் பக்கம் 222, ஷெட்டில் 204. கிளம்பும்போது மோட்டார் வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும் என்பதால் அந்த நேரத்தில் வோல்டேஜ் இன்னும் படுத்துவிடும். 20 சதவீதம் குறைந்தாலே கிளம்பும் விசையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும்.

4 ஸ்கொயர் காப்பரில் இவ்வளவு இறங்க வாய்ப்பே இல்லை. கணக்கு சுலபம்தான்: போக வர இரண்டு மடங்கு தூரம், அதை ஆம்பியரால் பெருக்கி, ஒரு மீட்டர் நீள வயரின் மின்தடை எத்தனை ஓம் என்பதாலும் பெருக்க வேண்டும். 4 ஸ்கொயர் காப்பருக்கு 0.005 ஓம். 56 × 15 × 0.005, சுமார் 4 வோல்ட். எங்களுக்கு இறங்கியது 18.

வேறு ஆளை வைத்துப் பைப்பைக் கழற்றினோம். பெட்டியிலிருந்து ஒரு முழம் தாண்டியதும் கறுப்பு டேப் சுற்றிய ஜாயின்ட். டேப் உருகிப் பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. அதற்குள் 4 ஸ்கொயரோடு வெறுமனே முறுக்கி விட்டிருந்தது ஒன்றரை ஸ்கொயர் வயர். இழையைப் பிளேடால் சுரண்டினால் செம்பு நிறம் போய் வெள்ளையாகப் பல்லிளித்தது. உள்ளே அலுமினியம், மேலே செம்புப் பூச்சு. கடல் காற்றில் அந்த ஜாயின்ட் எத்தனை நாள் தாங்கியிருக்கும்? இதைவிடக் கொடுமை எர்த் வயர். இரண்டு முனையிலும் ஒவ்வொரு துண்டு மட்டும் இருந்தது, நடுவில் வயரே இல்லை. எர்த் இல்லாத கிரைண்டரில், ஈரத் தரையில் நின்றுதான் அம்மா மாவு அள்ளிக்கொண்டிருந்திருக்கிறார். மிச்சமென்று அந்த ஆள் எடுத்துப் போன காயிலில் முக்கால்வாசிக்கு மேல் இருந்திருக்கும்.

நீங்கள் வேலை கொடுத்தால் வயர் பைப்புக்குள் போகும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். வயருக்கான இந்தியத் தர எண் ஐஎஸ் 694, ஸ்கொயர் அளவு, 1100 வோல்ட் என்று வயர் மேல் அச்சு வந்துகொண்டே இருக்கும், அதைப் பாருங்கள். வழியில் ஜாயின்டே கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மிச்ச வயர் உங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் முழு லோடையும் போட்டு இரண்டு பக்கமும் வோல்டேஜ் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். ஷெட்டுக்கென்று, கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் போட்டுக்கொள்ளுங்கள்.

எலக்ட்ரீஷியன், "கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று சொல்லிக் கொஞ்சம் பணம் திருப்பிக் கொடுத்தார், அதோடு போனை எடுப்பதில்லை. இப்போது முழுக்க 4 ஸ்கொயர் காப்பர் போட்டு, 20 ஆம்பியர் எம்சிபியும் எர்த் குழியும் ஆர்சிசிபியும் வைத்தாயிற்று. கழற்றிய வயரைக் காயலான் கடையில் போட்டேன். கையில் தூக்கிப் பார்த்ததுமே, "இதுக்கு செம்பு விலை வராது சார்" என்று சொல்லிவிட்டார்.